டைரக்டரி சர்வரை மாற்றிய பிறகும் பழைய செயலிகள் ஓட, ஸ்கீமாவில் என்ன செய்ய வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெட்ஸ்கேப், சன் ஒன் வழிவந்த பழைய டைரக்டரி சர்வரை (பயனர், குழு விவரங்களை எல்டாப் நெறிமுறையில் தரும் சர்வர்) விட்டு ஓப்பன்எல்டாப் அல்லது 389 டைரக்டரி சர்வருக்குப் போகிறவர்களுக்காக இந்தப் பக்கம். ஆக்டிவ் டைரக்டரிக்குப் போகிறவர்களுக்கும் கடைசிப் பகுதியில் ஒரு கேள்வி உண்டு. ஸ்கீமா என்பது அந்தச் சர்வரின் விதித் தொகுப்பு: ஒரு பதிவு (என்ட்ரி) எந்த வகை (ஆப்ஜெக்ட் கிளாஸ்), அதில் எந்தப் புலங்கள் (ஆட்ரிபியூட்) இருக்கலாம் என்று அது சொல்லும். ஆட்ரிபியூட், கிளாஸ் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கோப்பில் எழுதும்போது அவற்றின் அசல் ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்துங்கள். குழப்பம் வரக்கூடிய இடங்களில் ஓஐடி எண்ணும் (ஒவ்வொரு வரையறைக்கும் உரிய தனித்த அடையாள எண்) சேர்த்திருக்கிறோம். பெயரை எப்படி உச்சரித்தாலும் எண் மாறாது.

தரவு முழுவதும் புதிய சர்வரில் ஏறிவிட்டது. பிறகு ஏன் செயலி உடைகிறது?

ஏறும்போது சோதிக்கப்படுவது தரவு மட்டும்தான். செயலி மூன்று விதமாக ஸ்கீமாவை நம்பியிருக்கிறது: எந்த ஆட்ரிபியூட்டை எழுத அனுமதி உண்டு, ஃபில்டரில் (தேடல் நிபந்தனையில்) மதிப்புகள் எப்படி ஒப்பிடப்படும், பதிலில் பெயர் எந்த வடிவில் திரும்பி வரும். பழைய சர்வர் இந்த மூன்றிலும் தாராளமாக இருந்தது. புதியது எல்டாப் தர ஆவணமான ஆர்எஃப்சி 4512 சொல்வதை நெருக்கமாகப் பின்பற்றுகிறது. அதனால் ஒரு செயலி லாகின் வரை ஒழுங்காகப் போய், பயனர் தன் தொலைபேசி எண்ணை மாற்றும் நேரத்தில் மட்டும் விழும். படிப்பதை மட்டும் சோதித்துவிட்டு 'வேலை செய்கிறது' என்று முடிவு கட்டாதீர்கள்.

பழைய ஸ்கீமா கோப்புகளை அப்படியே புதிய சர்வரில் போட்டால் என்ன?

பெரும்பாலும் சர்வரே எழுந்திருக்காது. எழுந்தாலும், தரமான வரையறைகளுக்குப் பதில் பழைய வரையறைகள் உட்கார்ந்துகொள்ளும். பழைய கோப்பில் இருப்பதில் பெரும்பகுதி 'பர்சன்', 'இன்நெட்ஆர்க்பர்சன்' போன்ற தரமான வரையறைகள்தான். அவை புதிய சர்வரில் ஏற்கெனவே உண்டு. உங்களுக்குத் தேவை வித்தியாசம் மட்டும்.

அதை எடுக்கும் வழி இது. பழைய சர்வரிலிருந்து முழுத் தரவையும் எல்டிஃப் கோப்பாக (டைரக்டரித் தரவுக்கான உரை வடிவம்) ஏற்றுமதி செய்யுங்கள். அதில் உண்மையில் மதிப்போடு இருக்கும் ஆட்ரிபியூட் பெயர்களையும் ஆப்ஜெக்ட் கிளாஸ் பெயர்களையும் தனித்தனியாகப் பிரித்து, எண்ணிக்கையோடு பட்டியலிடுங்கள். புதிய சர்வரின் சப்ஸ்கீமாவில் (சர்வர் தன் ஸ்கீமாவைக் காட்டும் என்ட்ரி) இருக்கும் பெயர்களை அதிலிருந்து கழியுங்கள். மிஞ்சுவதுதான் நீங்கள் எழுத வேண்டியது. இதோடு செயலிகள் ஃபில்டரில் கேட்கும் பெயர்களையும் பழைய சர்வரின் ஆக்சஸ் லாகிலிருந்து எடுத்துச் சேருங்கள். தரவில் ஒரு மதிப்பும் இல்லாத ஆட்ரிபியூட்டை ஏதோ ஒரு செயலி தினமும் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.

நெட்ஸ்கேப் 4 காலத்துக் கோப்புகள் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. அவற்றில் சின்டாக்ஸ் (மதிப்பின் வடிவ வகை) 'சிஸ்', 'செஸ்', 'டெல்', 'பின்' என்று சுருக்கப் பெயரில் இருக்கும். ஓஐடி இடத்தில் எண்ணே இல்லாமல், ஆட்ரிபியூட் பெயருடன் ஒரு ஹைஃபன் போட்டு 'ஓஐடி' என்ற சொல்லை ஒட்டியிருப்பார்கள். ஓப்பன்எல்டாப் அதை ஏற்காது. ஒவ்வொன்றுக்கும் உண்மையான எண் தர வேண்டும்.

லாகில் வரும் பிழை எண்களை எப்படிப் படிப்பது?

17 வந்தால் அந்தப் பெயரில் ஆட்ரிபியூட்டே வரையறுக்கப்படவில்லை. 'யூசர்சர்ட்டிஃபிகேட்' விஷயத்தில் மட்டும் கவனம்: பெயர் இருந்தும், பின்னால் அரைப்புள்ளியோடு 'பைனரி' என்ற ஆப்ஷன் சேர்க்காமல் அனுப்பினால் ஓப்பன்எல்டாப் 17 தரும்.

65 வந்தால் ஆட்ரிபியூட் இருக்கிறது. ஆனால் என்ட்ரியில் உள்ள கிளாஸ்கள் எதுவும் அதை அனுமதிக்கவில்லை. அல்லது கட்டாயமான ஒன்று விடுபட்டிருக்கிறது. கூடவே வரும் விளக்க வரி எந்த ஆட்ரிபியூட் என்று சொல்லும். 21 என்றால் மதிப்பு சின்டாக்ஸுக்குப் பொருந்தவில்லை. 19 என்றால் கட்டுப்பாடு மீறப்பட்டது. ஒற்றை மதிப்பு மட்டும் என்ற ஆட்ரிபியூட்டில் இரண்டைப் போடுவது வழக்கமான காரணம். 18 வந்தால் மேட்சிங் ரூல் (மதிப்புகளை ஒப்பிடும் விதி) இல்லை. 69 வந்தால், இருக்கிற என்ட்ரியின் ஸ்ட்ரக்சுரல் கிளாஸை (அதன் அடிப்படை வகையை) மாற்றப் பார்க்கிறீர்கள்.

எண்ணே வராமல் வெற்றி என்று பதில் வந்து, முடிவு மட்டும் காலியாக இருப்பதுதான் மிக மோசமான வகை. அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

ஸ்கீமா சோதனையையே அணைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமே?

389-இல் அணைக்கும் அமைப்பு உண்டு. ஓப்பன்எல்டாப்பில் 'ஸ்லாப்ஏட்' கட்டளைக்கு எஸ் என்ற விருப்பம் கொடுத்தால் ஏற்றும்போது மட்டும் சோதனை நடக்காது. இரண்டையும் வேண்டாம் என்றே சொல்வோம். சோதனையின்றி ஏறிய தவறான என்ட்ரி அமைதியாகக் கிடக்கும். பல மாதம் கழித்து யாரோ அதில் சம்பந்தமில்லாத ஓர் ஆட்ரிபியூட்டை மாற்றும்போது முழு என்ட்ரியும் சோதிக்கப்பட்டு 65 வரும். அப்போது மாற்றியவருக்குக் காரணம் புரியாது. உங்களுக்கும் மைக்ரேஷன் நினைவில் இருக்காது.

389-இல் இதைவிட நல்ல நடுவழி ஒன்று உண்டு. சின்டாக்ஸ் சோதனையைச் சில நாள் நிறுத்தி வைத்து, சின்டாக்ஸ் லாகிங்கை மட்டும் இயக்குங்கள். தவறான மதிப்புகள் தடுக்கப்படாமல் லாகில் பதிவாகும். பட்டியல் காலியானதும் சோதனையை இயக்கிவிடலாம்.

'இன்நெட்ஆர்க்பர்சன்' கிளாஸிலேயே எங்கள் ஆட்ரிபியூட்டைச் சேர்த்துவிடலாமா?

வேண்டாம். அந்த வரையறை ஆர்எஃப்சி 2798-இல் இருப்பது. அதைத் திருத்தினால் அடுத்த பேக்கேஜ் மேம்படுத்தலில் கோப்பு மேலெழுதப்படும். அல்லது ஒரு ரெப்ளிகாவில் (நகல் சர்வரில்) பழையதும் இன்னொன்றில் புதியதும் இருக்கும். ஆக்ஸிலியரி வகையில் (அடிப்படை வகையோடு கூடுதலாகச் சேர்க்கும் துணை வகை) சொந்தமாக ஒரு கிளாஸ் எழுதுங்கள். ஆவணங்களில் உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட 32473 என்ற நிறுவன எண்ணை வைத்து, பகுதிகள் இப்படி அமையும்:

ஆட்ரிபியூட்டுக்கு ஓஐடி 1.3.6.1.4.1.32473.2.1.1. பெயருக்கு முன்னால் உங்கள் நிறுவனத்தைக் காட்டும் குறுகிய முன்னொட்டு. ஈக்வாலிட்டி (சம ஒப்பீடு) இடத்தில் 'கேஸ்இக்னோர்மேட்ச்', சப்ஸ்ட்ரிங் இடத்தில் 'கேஸ்இக்னோர்சப்ஸ்ட்ரிங்ஸ்மேட்ச்', சின்டாக்ஸ் 1.3.6.1.4.1.1466.115.121.1.15. கிளாஸுக்கு ஓஐடி 1.3.6.1.4.1.32473.2.2.1, மேல் கிளாஸ் 'டாப்', வகை ஆக்ஸிலியரி. ஆட்ரிபியூட்கள் எல்லாம் 'மே' (இருக்கலாம்) பட்டியலில் இருக்கட்டும். 'மஸ்ட்' (கட்டாயம்) பட்டியல் காலியாக இருக்கட்டும்.

'மஸ்ட்' ஏன் வேண்டாம் என்றால், இன்று எல்லா என்ட்ரியிலும் மதிப்பு இருப்பது போலத் தெரியும். நாளை ஒரு செயலி அதை அழிக்கும்போது 65 வந்து நிற்கும். பழைய செயலிகளுக்காக எழுதும் கிளாஸ் அனுமதிக்க மட்டும் வேண்டும். கட்டாயப்படுத்துவது அதன் வேலை இல்லை.

சரி, ஆனால் செயலி அந்த ஆக்ஸிலியரி கிளாஸை என்ட்ரியில் எழுதாதே? அதன் மூலநிரல் எங்களிடம் இல்லை.

இதுதான் உண்மையான பழைய செயலிப் பிரச்சினை. செயலி என்ட்ரி உருவாக்கும்போது 'இன்நெட்ஆர்க்பர்சன்' என்று மட்டும் எழுதி, கூடவே தனக்கே உரிய ஆட்ரிபியூட்டையும் அனுப்பும். உடனே 65.

ஏற்கெனவே இருக்கும் என்ட்ரிகளுக்குத் தீர்வு எளிது. ஏற்றும் முன்பே எல்டிஃபில் ஒவ்வொரு என்ட்ரிக்கும் உங்கள் ஆக்ஸிலியரி கிளாஸைச் சேர்த்துவிடுங்கள். புதிதாக உருவாகும் என்ட்ரிகள்தான் சிக்கல்.

ஓப்பன்எல்டாப்பில் இதற்கு டிஐடி கன்டென்ட் ரூல் என்ற வசதி இருக்கிறது. பலர் அதை எட்டிப் பார்ப்பதே இல்லை. ஒரு ஸ்ட்ரக்சுரல் கிளாஸுக்கு, அதன் வரையறையைத் தொடாமலே, கூடுதல் ஆட்ரிபியூட்களை அனுமதிக்கும் விதி இது. விதியின் ஓஐடி அந்த ஸ்ட்ரக்சுரல் கிளாஸின் ஓஐடியாகவே இருக்க வேண்டும். 'இன்நெட்ஆர்க்பர்சன்' என்றால் 2.16.840.1.113730.3.2.2. அதன் 'மே' பட்டியலில் உங்கள் ஆட்ரிபியூட்களை எழுதினால், ஆக்ஸிலியரி கிளாஸ் இல்லாத என்ட்ரியும் அவற்றை ஏற்கும்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. கன்டென்ட் ரூல் வந்ததும், அதன் 'ஆக்ஸ்' பட்டியலில் பெயர் இல்லாத ஆக்ஸிலியரி கிளாஸ் எதுவும் அந்த என்ட்ரிகளில் இருக்க முடியாது. பட்டியலை விட்டுவிட்டால் எல்லா ஆக்ஸிலியரிகளுக்கும் தடை. மறுநாள் 'போசிக்ஸ்அக்கவுன்ட்' (யூனிக்ஸ் கணக்குக்கான ஆக்ஸிலியரி கிளாஸ்) உள்ள ஒவ்வொரு பயனரும் கடவுச்சொல்லை மாற்ற முடியாமல் நிற்பார்கள். விதியை எழுதும் முன், தரவில் அந்த ஸ்ட்ரக்சுரல் கிளாஸோடு சேர்ந்து வரும் எல்லா ஆக்ஸிலியரிகளையும் எண்ணிப் பட்டியலில் போடுங்கள். விதி வழிவந்த துணைக் கிளாஸ்களுக்குத் தானாகப் பொருந்தாது என்பதையும் கவனியுங்கள்.

'எக்ஸ்டென்சிபிள்ஆப்ஜெக்ட்' சேர்த்தால் எதை வேண்டுமானாலும் எழுதலாமா?

வரையறுக்கப்பட்ட ஆட்ரிபியூட் எதையும் எழுதலாம். வரையறையே இல்லாததை அதனாலும் எழுத முடியாது; 17 தான் வரும். தற்காலிகமாக ஓர் இரவு சமாளிக்க உதவும். நிரந்தரமாக விட்டால் எந்தச் செயலி எதை எழுதுகிறது என்ற கணக்கே போய்விடும்.

ஓஐடி எண் எங்கே வாங்குவது? ஏதாவது ஓர் எண்ணைப் போட்டால் போதாதா?

இணைய எண்களை ஒதுக்கும் ஐயானா அமைப்பு நிறுவனங்களுக்கான எண்ணை இலவசமாகத் தருகிறது. அது 1.3.6.1.4.1 என்ற கிளையின் கீழ் வரும். அதற்குக் கீழே என்ன எண் போடுவது என்பது உங்கள் உரிமை. ஆட்ரிபியூட்டுக்கு ஒரு கிளை, கிளாஸுக்கு ஒரு கிளை என்று பிரித்து ஒரு கோப்பில் பதிவு வைத்திருங்கள். ஒருமுறை கொடுத்த எண்ணை, அந்த ஆட்ரிபியூட்டை நீக்கிய பிறகும் வேறொன்றுக்குத் தராதீர்கள். காத்திருக்க நேரமில்லை என்றால் 2.25 கிளையின் கீழ் யுயுஐடி என்ற, கணினி உருவாக்கும் தனித்த எண்ணைப் பதின்ம எண்ணாக மாற்றிப் பயன்படுத்தலாம். நீளமாக இருக்கும், ஆனால் யாருடனும் மோதாது.

பழைய நெட்ஸ்கேப் ஆட்ரிபியூட்களுக்கு உங்கள் எண்ணைத் தராதீர்கள். 'மெயில்ஆல்டர்னேட்அட்ரஸ்' 2.16.840.1.113730.3.1.13, 'மெயில்ஹோஸ்ட்' 2.16.840.1.113730.3.1.18, 'மெயில்ரெசிப்பியன்ட்' கிளாஸ் 2.16.840.1.113730.3.2.3. இவை அசல் எண்ணிலேயே இருக்கட்டும். பின்னொரு நாள் வேறொரு மென்பொருளோடு வரும் ஸ்கீமா கோப்பு இதே பெயர்களைக் கொண்டுவந்தால், பெயர் ஒன்று எண் வேறு என்ற மோதல் வராது.

மதிப்பு கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் அதை வைத்துத் தேடினால் எதுவும் வரவில்லை. பிழையும் இல்லை. ஏன்?

ஓப்பன்எல்டாப்புக்கு மாறியவர்கள் எங்களிடம் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். பழைய நெட்ஸ்கேப், சன் கோப்புகளில் ஆட்ரிபியூட் வரையறை சின்டாக்ஸோடு நின்றுவிடும். ஈக்வாலிட்டி என்று எதுவும் எழுதியிருக்காது. அந்தச் சர்வர் சின்டாக்ஸைப் பார்த்தே ஒப்பிடும் முறையைத் தானாகத் தேர்ந்துகொண்டது. ஓப்பன்எல்டாப் அப்படிச் செய்யாது. ரூல் எழுதப்படாத ஆட்ரிபியூட்டை வைத்து சமம் என்று கேட்டால், ஃபில்டரின் அந்தத் துண்டு 'தெரியாது' என்று மதிப்பிடப்படும். முடிவு காலி, பிழை எண் 0.

கண்டுபிடிக்க லாக் அளவை 'ஸ்டாட்ஸ்' ஆக வைத்து, தேடல் வரியில் வரும் ஃபில்டரைப் பாருங்கள். செயலி அனுப்பியது போலவே இருக்கும். ஆனால் ஆட்ரிபியூட் பெயருக்கு முன்னால், அடைப்புக்குறிக்கு உள்ளே, ஒரு கேள்விக்குறி ஒட்டியிருக்கும். அந்தக் கேள்விக்குறி உள்ள ஒவ்வொரு பெயரும் ஸ்கீமாவில் இல்லை, அல்லது ரூல் இல்லாமல் இருக்கிறது என்று பொருள்.

இதே குறை வேறு இரண்டு இடங்களிலும் தலைகாட்டும். பல மதிப்புகளில் ஒன்றை மட்டும் அழிக்கச் சொன்னால் 18 வரும், ஏனெனில் எது என்று ஒப்பிட வழியில்லை. அந்த ஆட்ரிபியூட்டுக்குச் சமத் தேடல் இன்டெக்ஸ் போடவும் சர்வர் மறுக்கும்.

மாற்ற வேண்டிய முறை:

பழைய 'சிஸ்' என்றால் சின்டாக்ஸ் 1.3.6.1.4.1.1466.115.121.1.15, ரூல் 'கேஸ்இக்னோர்மேட்ச்' 2.5.13.2, துண்டுத் தேடலுக்கு 2.5.13.4. 'செஸ்' என்றால் கூடுதல் கவனம் தேவை. அந்தக் குடும்பத்தில் ஐஏ5 சின்டாக்ஸ் (ஆஸ்கி எழுத்துகள் மட்டும்), அதாவது ஓஐடியின் கடைசி எண் 26, பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாட்டோடு ஒப்பிடப்பட்டது. புதியதில் 'கேஸ்எக்ஸாக்ட்ஐஏ5மேட்ச்' 1.3.6.1.4.1.1466.109.114.1 என்று வெளிப்படையாக எழுதுங்கள். பழக்கத்தில் 'கேஸ்இக்னோர்' எழுதிவிட்டால், முன்பு வேறு வேறாக இருந்த இரண்டு மதிப்புகள் இப்போது ஒன்றாகிவிடும். முழு எண் என்றால் சின்டாக்ஸ் 27, ரூல் 2.5.13.14. பெரியது சிறியது என்று தேடும் செயலி இருந்தால் ஆர்டரிங் 2.5.13.15-உம் சேருங்கள். டிஎன் (என்ட்ரியின் முழுப் பெயர்ப் பாதை) என்றால் சின்டாக்ஸ் 12, ரூல் 2.5.13.1.

வரையறையைத் திருத்திய பிறகு அந்த ஆட்ரிபியூட்டுக்கு இன்டெக்ஸை மீண்டும் கட்ட வேண்டும். இல்லையென்றால் பழைய இன்டெக்ஸ் பழைய ஒப்பீட்டு முறையிலேயே பதில் சொல்லும். 389 பழைய குடும்பத்தின் வாரிசு என்பதால் அங்கே இந்தச் சிக்கல் அரிது.

'தவறான ஸ்ட்ரக்சுரல் கிளாஸ் சங்கிலி' என்று சொல்லி என்ட்ரிகள் ஏறவில்லை.

ஒரு என்ட்ரிக்கு ஒரே ஒரு ஸ்ட்ரக்சுரல் சங்கிலிதான் இருக்கலாம். 'இன்நெட்ஆர்க்பர்சன்', 'ஆர்கனைசேஷனல்பர்சன்', 'பர்சன்' மூன்றும் ஒரே சங்கிலி, அதனால் சேர்ந்து இருக்கலாம். 'அக்கவுன்ட்' தனிச் சங்கிலி. பழைய சர்வர் இரண்டையும் ஒன்றாக ஏற்றது. ஓப்பன்எல்டாப் ஏற்காது.

'அக்கவுன்ட்' எதற்காகச் சேர்க்கப்பட்டது என்று பாருங்கள். 'யுஐடி' மட்டும் என்றால் 'இன்நெட்ஆர்க்பர்சன்' அதை ஏற்கெனவே அனுமதிக்கிறது, நீக்கிவிடலாம். எந்தக் கணினியில் நுழையலாம் என்று சொல்லும் 'ஹோஸ்ட்' ஆட்ரிபியூட்டுக்காக என்றால், 'ஹோஸ்ட்' அனுமதிக்கும் ஆக்ஸிலியரி கிளாஸ் ஒன்றை அந்த இடத்தில் வையுங்கள். செயலி ஃபில்டரில் 'ஆப்ஜெக்ட்கிளாஸ் சமம் அக்கவுன்ட்' என்று கேட்கிறதா என்பதையும் பாருங்கள். கேட்டால் அந்த ஃபில்டரை மாற்றுவதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. 'அக்கவுன்ட்' கிளாஸை ஆக்ஸிலியரியாகத் திருத்தி எழுதுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள், அதே பெயரை உண்மையான பொருளில் நம்பும் அடுத்த செயலி அங்கே உடையும்.

காலியான குழுக்கள் ஏறவில்லை.

'குரூப்ஆஃப்யூனிக்நேம்ஸ்' 2.5.6.17 கிளாஸில் 'யூனிக்மெம்பர்' கட்டாயம் என்பது தரம். பழைய குடும்பத்தில் அது விருப்பமாகத் தளர்த்தப்பட்டிருந்தது. காலிக் குழுவை உருவாக்கி, பிறகு ஆட்களைச் சேர்க்கும் செயலிகள் அதை நம்பியே எழுதப்பட்டவை. ஏற்றும்போது காலிக் குழுக்களுக்கு, யாரும் லாகின் ஆக முடியாத ஒரு வெற்று என்ட்ரியின் டிஎன்னை உறுப்பினராகப் போடலாம். ஆனால் செயலி கடைசி உறுப்பினரை நீக்கும்போது மீண்டும் 65 வரும். அந்த டிஎன் எப்போதும் உள்ளேயே இருந்தால்தான் இது தாங்கும். செயலி உறுப்பினர் எண்ணிக்கையைக் காட்டினால் ஒன்று கூடுதலாகத் தெரியும்.

ஒரே குழுவை யூனிக்ஸ் குழுவாகவும் டிஎன் குழுவாகவும் வைத்திருந்தோம். இப்போது முடியவில்லை.

1998-இல் வந்த ஆர்எஃப்சி 2307-இல் 'போசிக்ஸ்குரூப்' ஸ்ட்ரக்சுரல். பின்னர் வந்த 2307பிஸ் வரைவில் அது ஆக்ஸிலியரி. 'குரூப்ஆஃப்நேம்ஸ்' உடன் சேர்க்க இரண்டாவதுதான் வேண்டும். ஓப்பன்எல்டாப்போடு வழக்கமாக வரும் 'நிஸ்' ஸ்கீமா முதல் வகை. இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்ற முடியாது, ஓஐடி மோதும். தரவு ஏறும் முன்பே எது என்று முடிவெடுங்கள். பிறகு மாற்றுவது என்றால் முழு ஏற்றுமதியும் மறு ஏற்றமும்தான்.

ஒருவர் எந்தக் குழுக்களில் இருக்கிறார் என்று காட்டும் 'மெம்பர்ஆஃப்' மதிப்பு செயலிக்குத் தெரியவில்லை.

389-இல் அது சாதாரண ஆட்ரிபியூட். ஓப்பன்எல்டாப்பில் மெம்பர்ஆஃப் ஓவர்லே (சர்வரோடு சேர்க்கும் கூடுதல் கூறு) அதை ஆபரேஷனல் ஆட்ரிபியூட்டாக (சர்வர் தானே பராமரிப்பது) வரையறுக்கிறது. எல்லாவற்றையும் கொடு என்று நட்சத்திரக் குறியால் கேட்கும் செயலிக்கு அது வராது. பெயர் சொல்லியோ கூட்டல் குறி போட்டோ கேட்க வேண்டும். செயலியின் அமைப்பில் 'கேட்கும் ஆட்ரிபியூட்கள்' பட்டியல் இருந்தால் அங்கே பெயரைச் சேர்த்தால் போதும். பழைய எல்டிஃபில் வரும் 'மெம்பர்ஆஃப்' வரிகளை நீக்கிவிட்டு ஏற்றுங்கள். ஓவர்லேவை முதலில் இயக்கி, பிறகு குழுக்களை எல்டாப் வழியாகச் சேர்த்தால் அது தானே நிரப்பும்.

மரத்தை வரைந்து காட்டும் பழைய செயலிகள் 'நம்சபார்டினேட்ஸ்' (கீழே எத்தனை என்ட்ரிகள் என்ற எண்) கேட்கும். ஓப்பன்எல்டாப் தருவது 'ஹேஸ்சபார்டினேட்ஸ்' (உண்டா இல்லையா என்பது மட்டும்). ஸ்கீமாவில் பெயரைச் சேர்ப்பதால் மதிப்பு வந்துவிடாது. இதைச் செயலி பக்கத்தில்தான் சரிசெய்ய வேண்டும்.

21 ஆயிரக்கணக்கில் வருகிறது. சின்டாக்ஸைத் தளர்த்தலாமா?

முதலில் எவ்வகை என்று பிரியுங்கள். காலி மதிப்புகள் என்றால் அந்த வரியையே நீக்குங்கள். டைரக்டரி ஸ்ட்ரிங் ஓர் எழுத்தாவது கேட்கும். பூலியன் என்றால் பெரிய எழுத்தில் 'ட்ரூ', 'ஃபால்ஸ்' மட்டும்தான் செல்லும். 1, 0, சிறிய எழுத்து வடிவம் எல்லாம் மாற்றப்பட வேண்டும். செயலி 1 என்றுதான் எழுதும் என்றால், அந்த ஆட்ரிபியூட் உங்களுடையதாக இருக்கும்பட்சத்தில் பூலியனை விட்டு டைரக்டரி ஸ்ட்ரிங் ஆக்குவது நேர்மையான தீர்வு. 'மெயில்' போன்ற ஐஏ5 ஆட்ரிபியூட்டில் ஆஸ்கிக்கு வெளியே எழுத்து இருந்தால் தரவைத் திருத்துங்கள். தரமான ஆட்ரிபியூட்டின் சின்டாக்ஸைத் தொடாதீர்கள்.

ஒரே ஆட்ரிபியூட்டுக்கு இரண்டு பெயர் கொடுத்தால் பழைய பெயரில் கேட்கும் செயலி ஓடுமா?

பாதி ஓடும். எழுதும்போதும் ஃபில்டரிலும் இரண்டு பெயரும் செல்லும். பதிலில் ஓப்பன்எல்டாப் வரையறையில் முதலில் எழுதிய பெயரைத்தான் திருப்பித் தரும். பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் செயலி, மதிப்பு கையில் வந்தும் 'இல்லை' என்று சொல்லும். அத்தகைய செயலி ஒன்றே ஒன்று என்றால் அதன் பெயரை முதலில் போடுங்கள். இரண்டு செயலிகள் இரண்டு பெயரை எதிர்பார்த்தால் ஆர்டபிள்யூஎம் ஓவர்லேவில் பெயர் மாற்று விதி எழுதி, அந்தச் செயலிக்கு மட்டும் தனிப் பின்னணி வழியைக் கொடுங்கள்.

பெயரில் அடிக்கோடு இருந்தால் இன்னொரு சங்கடம். தரம் எழுத்து, எண், ஹைஃபன் மட்டுமே அனுமதிக்கிறது. 389-இல் விதிவிலக்கு தரும் அமைப்பு ஒன்று உண்டு. அதை இயக்கிய பிறகே அந்த வரையறையைச் சேர்க்க முடியும்.

வரையறை சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்டிஃபாக ஏற்றும்போது பிழை.

வரி மடிப்பைப் பாருங்கள். எல்டிஃபில் ஒரு வரி அடுத்ததில் தொடர்ந்தால் ஆரம்பத்தில் ஓர் இடைவெளி வரும், படிக்கும்போது அது விழுங்கப்படும். 'சப் டாப்' என்று ஒரு வரி முடிந்து, அடுத்த வரி ஓர் இடைவெளியோடு 'ஆக்ஸிலியரி' என்று தொடங்கினால், சர்வர் படிப்பது 'சப் டாப்ஆக்ஸிலியரி'. இரண்டு இடைவெளி வையுங்கள். பழைய ஸ்கீமா கோப்பு வடிவில் இந்தச் சிக்கல் இல்லை என்பதால் அங்கிருந்து வெட்டி ஒட்டுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை இதில் விழுவார்கள்.

பல சர்வர்கள் இருந்தால் எந்த வரிசையில் மாற்றுவது?

ஓப்பன்எல்டாப்பில் ஸ்கீமா 'கான்ஃபிக்' மரத்தில் இருக்கிறது. அந்த மரத்தையே ரெப்ளிகேட் செய்யாதவரை ஸ்கீமா தானாகப் போகாது. முதலில் கன்சூமர்கள் (நகலைப் பெறுபவை), கடைசியில் ப்ரொவைடர் (நகலைத் தருவது). தலைகீழாகச் செய்தால், புதிய ஆட்ரிபியூட்டோடு வரும் முதல் என்ட்ரியிலேயே கன்சூமர் சிக்கி, அதற்குப் பின்னால் வரும் மாற்றங்களும் நின்றுவிடும்.

389-இல் ஒரு சப்ளையரில் (நகலைத் தரும் சர்வருக்கு அங்கே இந்தப் பெயர்) எல்டாப் வழியாகச் சேர்த்தால் ஸ்கீமாவும் ரெப்ளிகேட் ஆகும். கையால் வைத்த கோப்பு என்றால் எல்லாச் சர்வர்களிலும் நீங்களே வைக்க வேண்டும். அங்கே கோப்புப் பெயரின் முன்னெண்ணும் முக்கியம். 60 போன்ற எண்ணில் தொடங்குங்கள். 99யூசர் கோப்புக்குப் பின்னால் வரும்படி பெயர் வைத்தால், சர்வர் இனிமேல் வரும் மாற்றங்களை உங்கள் கோப்பில் எழுதத் தொடங்கி, ஒரே வரையறை இரண்டு இடத்தில் நிற்கும்.

ஆக்டிவ் டைரக்டரிக்குப் போகிறோம். அங்கே என்ன வேறு?

அங்கே சேர்த்ததை அழிக்க முடியாது, செயலிழக்கச் செய்ய மட்டுமே முடியும். சின்டாக்ஸையும் ஒற்றை மதிப்பு என்பதையும் பின்னால் மாற்றவும் முடியாது. அதனால் தனி ஃபாரஸ்ட் (ஆக்டிவ் டைரக்டரியின் தனித்த முழு அமைப்பு) ஒன்றில் ஒத்திகை பார்க்காமல் தொடாதீர்கள். மாற்றம் ஸ்கீமா மாஸ்டர் வழியாக, ஸ்கீமா அட்மின்ஸ் குழு உறுப்பினரால் நடக்க வேண்டும்.

யூனிக்ஸ் செயலிகளுக்குப் பெரிய அதிர்ச்சி 'ஹோம்டைரக்டரி'. ஆக்டிவ் டைரக்டரியில் அந்தப் பெயர் விண்டோஸ் வீட்டு அடைவுக்கு உரியது, ஓஐடி 1.2.840.113556.1.4.44. ஆர்எஃப்சி 2307 சொல்லும் 1.3.6.1.1.1.1.3 அங்கே 'யூனிக்ஸ்ஹோம்டைரக்டரி' என்ற பெயரில் இருக்கிறது. செயலியின் பெயர்ப் பொருத்தத்தில் இதை மாற்றாவிட்டால் லாகின் ஆனவர் வீடு இல்லாமல் நிற்பார். நீளமும் பாருங்கள்: 'எம்ப்ளாயிஐடி' 16 எழுத்தோடு நிற்கும். பெரிய குழுக்களில் உறுப்பினர் பட்டியல் 1500 மதிப்புகள் கொண்ட துண்டுகளாக, ஆட்ரிபியூட் பெயரோடு வரம்பு எண் ஒட்டி வரும். பழைய செயலி அதை வேறு ஆட்ரிபியூட் என்று எண்ணிக் குழு காலி என்று முடிவு செய்யும்.

நல்ல பக்கமும் உண்டு. ஆக்ஸிலியரி கிளாஸை 'யூசர்' கிளாஸோடு ஸ்கீமாவிலேயே இணைத்துவிடலாம். என்ட்ரிகளைத் தொடவே வேண்டாம்.

மாற்றும் நாளுக்கு முன் எப்படி ஒத்திகை பார்ப்பது?

ஓப்பன்எல்டாப்பில் 'ஸ்லாப்ஏட்' கட்டளைக்கு யு விருப்பம் கொடுத்தால் எதையும் எழுதாமல் சோதிக்கும். சி விருப்பமும் சேர்த்தால் முதல் பிழையில் நிற்காமல் கடைசி வரை போகும். வரும் பிழைகளை வகை வாரியாக எண்ணுங்கள். பல்லாயிரம் பிழை போலத் தெரிவது பெரும்பாலும் ஐந்தாறு வகைக்குள் அடங்கிவிடும். முழுத் தரவும் பிழையின்றி ஏறும் வரை இதையே திரும்பச் செய்யுங்கள்.

பிறகு ஒவ்வொரு செயலியையும் ஒத்திகைச் சர்வரோடு இணைத்து ஐந்து செயல்களைச் செய்து பாருங்கள்: உருவாக்கு, தேடு, ஒரு மதிப்பை மாற்று, பல மதிப்பில் ஒன்றை மட்டும் அழி, முழு என்ட்ரியையும் நீக்கு. நான்காவதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், 18 அங்கேதான் ஒளிந்திருக்கும். ஆண்டுக்கொருமுறை ஓடும் செயலிகளையும் கையால் ஓட்டிப் பாருங்கள்.

பின்வாங்க வேண்டியிருந்தால்?

ஸ்கீமாவைத் தொடும் முன் 'ஸ்லாப்கேட்' கட்டளையால் 0-ஆம் தரவுத்தளத்தையும் (அமைப்பும் ஸ்கீமாவும் இருப்பது) தரவையும் தனித்தனியாக எடுத்து வையுங்கள். திரும்பும்போது ஸ்கீமாவை மட்டும் பழையதாக்கினால், இடையில் புதிய ஆட்ரிபியூட் எழுதப்பட்ட என்ட்ரிகள் அநாதையாகிவிடும். முதலில் அந்த மதிப்புகளை நீக்குங்கள், பிறகு கிளாஸ், கடைசியாக ஆட்ரிபியூட் வரையறை. சேர்க்கும் வரிசை இதற்கு நேர் எதிர்.

இந்தப் பழைய வரையறைகளை எப்போது எடுக்கலாம்?

அந்தச் செயலி நிறுத்தப்பட்ட பிறகும் ஆண்டிறுதி வேலைகள் ஒரு சுற்று முடியும் வரை விட்டு வையுங்கள். முதல் படியாக ஆட்ரிபியூட் வரையறையில் 'அப்சலீட்' என்ற சொல்லைச் சேருங்கள். ஸ்கீமாவைப் படிக்கும் அடுத்த நிர்வாகிக்கு அது தகவல். ஆனால் ஓப்பன்எல்டாப் அதன்பின் அந்த ஆட்ரிபியூட்டில் புதிய மதிப்பு எழுத மறுக்கும். அதன்பின் ஆக்சஸ் லாகில் அந்தப் பெயரைத் தேடுங்கள். ஃபில்டரிலோ, கேட்கும் ஆட்ரிபியூட் பட்டியலிலோ, மாற்றங்களிலோ அது ஒருமுறையும் வரவில்லை என்றால் மதிப்புகளை நீக்கத் தொடங்கலாம். வந்தால், அந்த இணைப்பு எந்த முகவரியிலிருந்து எந்தக் கணக்கில் வருகிறது என்று அதே லாகில் உள்ள இணைப்பு வரியும் பைண்ட் (கணக்கு நுழைவு) வரியும் காட்டும்.